ஹோம் வாரண்டியைப் புதுப்பிக்க 828 டாலர் கட்டலாமா?

கேள்வி: டெக்சஸில் டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் போன வருடம் ஒரு பழைய வீடு வாங்கினோம். 2009-ல் கட்டியது. விற்றவர் ஒரு வருடத்துக்கு ஹோம் வாரண்டி எடுத்துக் கொடுத்தார். அது அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்க 828 டாலர் கேட்கிறார்கள். ஆள் வரும் ஒவ்வொரு முறைக்கும் 100 டாலர் தனி. இந்த வருடத்தில் இரண்டு தடவை கூப்பிட்டோம். டிஷ்வாஷரில் தண்ணீர் வடியாமல் நின்றபோது பம்ப் மாற்றினார்கள். ஜூலையில் ஏசி நின்றபோது நாலு நாள் கழித்துத்தான் ஆள் வந்தார். கெபாசிட்டரை மாற்றிவிட்டுப் போனார். கைக்குழந்தையோடு அந்த நாலு நாள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. என் கணவர் இனி வேண்டாம் என்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், "பெரிய செலவு வந்தால் என்ன செய்வீர்கள், கட்டிவிடுங்கள்" என்கிறார். டவுன் பேமென்ட் கொடுத்தது போக எங்கள் சேமிப்பில் இப்போது 6000 டாலர்தான் இருக்கிறது. ஏசியின் லேபிளையும் ஒப்பந்தத்தின் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?
பிளேனோவிலிருந்து ஒரு வாசகி

பதில்: டாலஸ் பகுதியில் பணிபுரியும், டெக்சஸ் உரிமம் பெற்ற வீட்டு ஆய்வாளர்

அன்புள்ள சகோதரிக்கு,

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுப்பிக்க வேண்டாம். ஆனால் அந்த 828 டாலரைச் செலவழித்துவிடவும் வேண்டாம். அதற்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மாமனாரின் கவலை நியாயமானது. 16 வருடம் ஓடிய இயந்திரங்கள் இருக்கும் வீட்டில் பெரிய செலவு வரத்தான் போகிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் டெக்சஸ் ஜூலையில் ஏசி நிற்பது சாதாரண விஷயமும் இல்லை. ஆனால் அந்தச் செலவு வரும் நாளில் இந்த ஒப்பந்தம் உங்களுக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பிய பக்கங்களை முழுக்கப் படித்தேன். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ, சரியாக அந்த இடத்தில்தான் அது கையை விடுகிறது.

ஹோம் வாரண்டி என்ன செய்யும், எதைச் செய்யாது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுக் கடனுக்காக நீங்கள் எடுத்திருக்கும் ஹோம் இன்சூரன்ஸ், தீ, சூறைக்காற்று, ஆலங்கட்டி மழை, திடீரென்று குழாய் வெடித்து வீடு நனைவது போன்றவற்றுக்கு உதவும். ஓடி ஓடித் தேய்ந்த மோட்டாருக்கு அது பணம் தராது. அந்தத் தேய்மானத்துக்குத்தான் ஹோம் வாரண்டி. வருடச் சந்தா கட்டினால், பட்டியலில் உள்ள சாதனம் பழுதாகும்போது அவர்களே ஆள் அனுப்பிச் சரிசெய்வார்கள். டெக்சஸில் இந்த நிறுவனங்களுக்கு 2021 செப்டம்பரிலிருந்து டிடிஎல்ஆர் என்ற மாநில உரிமத் துறை உரிமம் தருகிறது. அதற்கு முன்னால் எங்களைப் போன்ற ஆய்வாளர்களுக்கு உரிமம் தரும் ரியல் எஸ்டேட் ஆணையமே இவர்களையும் கவனித்துக்கொண்டிருந்தது.

டாலஸ் பக்கம் வீட்டுக்காரர்களைத் தூங்கவிடாத செலவுகளில் இரண்டு இந்த ஒப்பந்தத்தில் வரவே வராது. ஒன்று, ஆலங்கட்டி அடித்துப் போன கூரை. இன்னொன்று, இங்கே இருக்கும் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்குவதால் அசைந்து விரிசல் விடும் அஸ்திவாரம். கூரைக்கு இன்சூரன்ஸ் உண்டு. ஆனால் காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் இங்கே டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் பணம் தருவதற்கு முன் நீங்கள் போட வேண்டிய பங்கு, பெரும்பாலும் சதவீதத்தில் இருக்கும். வீட்டுக்கு 4 லட்சம் டாலர் கவரேஜ், டிடக்டிபிள் 2 சதவீதம் என்றால் முதல் 8000 டாலர் உங்கள் தலையில். உங்கள் பாலிசியில் இந்த வரியைத் தேடிப் பாருங்கள். 6000 டாலர் சேமிப்பு இருக்கும் குடும்பத்துக்கு ஏசியைப் போலவே கவலைப்பட வேண்டிய விஷயம் இது. வாரண்டி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பலரும் இதைக் கவனிப்பதே இல்லை.

சரி, போன வருடக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டிஷ்வாஷர் பம்ப்புக்கு வெளியே ஆளைக் கூப்பிட்டிருந்தால் 250 டாலர் அளவில் ஆகியிருக்கும். கெபாசிட்டர் என்பது வெளி யூனிட்டில் கம்ப்ரசரையும் விசிறியையும் கிளப்பிவிடும் ஒரு சின்ன டப்பா. இந்த வெயிலில் அடிக்கடி போவது அதுதான். பொருளின் விலை சில பத்து டாலர். ஆள் வந்து மாட்டிவிட்டுப் போக 200 முதல் 300 வரை வாங்குவார்கள். இரண்டும் சேர்த்து 500 டாலர் வேலை. நீங்கள் கொடுத்த இரண்டு நூறைக் கழித்தால் மிச்சம் 300. சந்தாவை விற்றவர் கட்டியதால் அந்த 300 உங்களுக்கு முழு லாபம். இனிமேல் அதே 300-ஐப் பெற நீங்கள் 828 கட்டுவீர்கள்.

அந்த நாலு நாள் காத்திருப்பும் தற்செயல் இல்லை. யாரை அனுப்புவது என்பதை முடிவு செய்வது வாரண்டி நிறுவனம். அவர்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் ஏசிக்காரருக்கு அவர்கள் தருவது குறைந்த கட்டணம். ஜூலையில் ஊர் முழுக்க ஏசி நிற்கும்போது, முழு விலை கொடுக்கும் தன் சொந்த வாடிக்கையாளர்களின் வீட்டுக்குத்தான் அவர் முதலில் போவார். "அவசரம்" என்றால் எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும் என்று உங்கள் ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை. காத்திருக்கும் நாட்களில் ஹோட்டலில் தங்கினால் அந்தச் செலவும் கிடையாது. ஐந்து நிமிட வேலைக்கு ஒரு குழந்தை நாலு ராத்திரி புழுக்கத்தில் கிடந்திருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

இந்தத் தொழிலின் பணம் எப்படி ஓடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1971-ல் தொடங்கிய அமெரிக்கன் ஹோம் ஷீல்டு இதில் மிகப் பெரிய நிறுவனம். அதன் தாய் நிறுவனம் ஃபிரன்ட்டோர் பங்குச் சந்தையில் இருப்பதால் அதன் வரவு செலவை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 2024-ல் அதன் வருமானம் சுமார் 184 கோடி டாலர்; மொத்த லாப விகிதம் சுமார் 54 சதவீதம். அதாவது உள்ளே வந்த ஒவ்வொரு டாலரிலும் ஏறக்குறைய 46 சென்ட்தான் ஆள் அனுப்பவும், பாகம் வாங்கவும், சாதனம் மாற்றவும் போனது. மீதியில் விளம்பரம், அலுவலகம், கால் சென்டர், லாபம் எல்லாம் அடங்கும். ஹெல்த் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பிரீமியத்தில் 80 அல்லது 85 சதவீதத்தை மருத்துவத்துக்கே செலவழிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த விதி இந்தப் பக்கம் வராது. நிறுவனம் லாபம் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. பாகங்களை அவர்கள் மொத்த விலையில் வாங்குவதால், அந்த 46 சென்ட்டின் மதிப்பு உங்களுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். அப்படிப் பார்த்தாலும், வருடா வருடம் கட்டிக்கொண்டு போகும் சராசரிக் குடும்பத்துக்குப் போட்ட பணம் முழுசாகத் திரும்பாது.

"எங்கள் வீடு சராசரி இல்லையே, ஏசி 16 வருடப் பழசு, எங்களுக்குத்தானே லாபம்" என்று உங்கள் மாமனார் கேட்கலாம். நல்ல கேள்வி. பதில் அந்த ஏசியின் லேபிளில் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய படத்தில் தயாரித்த வருடம் 2009 என்றும், குளிரவைக்கும் வாயு ஆர்-22 என்றும் தெளிவாகத் தெரிகிறது. ஆர்-22 ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு. மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி அமெரிக்கா அதைப் படிப்படியாக நிறுத்தியது. 2010 ஜனவரி முதல் அந்த வாயுவை நிரப்பிப் புது ஏசி தயாரிக்கக் கூடாது என்றார்கள். 2020 ஜனவரி 1 முதல் வாயுவைப் புதிதாகத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் நின்றது. உங்கள் வீட்டு ஏசி அந்த வரிசையின் கடைசி வருடத்தில் வந்தது. இன்று சந்தையில் இருப்பது பழைய இருப்பும், கழற்றிப் போட்ட ஏசிகளிலிருந்து மீட்டுச் சுத்தம் செய்ததும்தான். வீட்டுக்கு வந்து நிரப்புகிறவர் பவுண்டுக்கு 100 டாலருக்கு மேல் கேட்பது இப்போது சாதாரணம். உங்கள் ஒப்பந்தத்திலோ, வாயுவுக்குப் பவுண்டுக்கு 10 டாலர் வரைதான் தருவோம் என்று இருக்கிறது. நாலு பவுண்டு குறைந்திருந்தால் 400-க்கு மேல் ஆகும். அவர்கள் பங்கு 40.

சரி, வாயு ஏன் குறைகிறது? எங்கேயோ ஓட்டை இருப்பதால்தான். பெரும்பாலும் அட்டிக்கில், அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் உள்ள இடத்தில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸோடு சேர்ந்து இருக்கும் எவாப்பரேட்டர் காயிலில் (காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருளில்) இருக்கும். காயிலை மட்டும் மாற்றலாமே என்றால், ஆர்-22-க்குப் பொருந்தும் காயில் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் 16 வயது கம்ப்ரசருக்குப் புதுக் காயில் மாட்டுவது அறிவான செலவு இல்லை. புது ஏசி என்றால் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஜோடியாகத்தான் வர வேண்டும். அடுத்து வந்த ஆர்-410ஏ வாயுவுக்கும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் அந்த வாயுவில் ஓடும் புது வீட்டு ஏசிகளைத் தயாரிக்கக் கூடாது. இப்போது வருபவை ஆர்-454பி அல்லது ஆர்-32 வாயுவில் ஓடுகின்றன. பழைய குழாயைக் கழுவ வேண்டும் அல்லது மாற்ற வேண்டும், மின் இணைப்பைச் சரிபார்க்க வேண்டும், நகராட்சியில் பெர்மிட் எடுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து உங்கள் வீட்டு அளவுக்கு 10,000 முதல் 15,000 டாலர் வரை வரும்.

இப்போது ஒப்பந்தத்தின் ஏசி பகுதியைப் படியுங்கள். உச்சவரம்பு வருடத்துக்கு 3000 டாலர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் எதெல்லாம் சேராது என்று இருக்கிறது: பழையதோடு புதியதைப் பொருத்துவதற்கான மாற்றங்கள், கட்டட விதிகளுக்காகச் செய்யும் மேம்பாடுகள், பெர்மிட், பழைய கருவியை அப்புறப்படுத்தும் கூலி. அப்புறம் இன்னொரு வரி: பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமாகத் தருவதா என்பதை நிறுவனமே முடிவு செய்யும். பணமாகத் தந்தால், உங்களுக்கு ஆகும் செலவை வைத்துத் தரமாட்டார்கள்; தங்களுக்கு எவ்வளவு ஆகியிருக்குமோ அதை வைத்துத்தான் தருவார்கள்.

எல்லாம் உங்களுக்குச் சாதகமாக நடந்து முழு 3000-மும் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். 12,000 டாலர் வேலையில் 9000 உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். சேமிப்பு 6000. அதாவது வாரண்டி இருந்தாலும் நீங்கள் கடன் வாங்கத்தான் போகிறீர்கள். மாமாவிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: அவர் பயப்படும் அந்த நாளை இந்த 828 டாலர் தடுக்கவில்லை, நாலில் ஒரு பங்கு குறைக்கிறது, அவ்வளவுதான்.

அந்த நாலில் ஒரு பங்காவது பெறுமானம் உள்ளதா? சின்ன ரிப்பேர்களில் இந்த வருடம்போலவே 300 டாலர் திரும்புகிறது என்று வைத்தால், மீதி 528-க்கு ஈடாக ஐந்தரை வருடத்துக்கு ஒருமுறையாவது முழு 3000-ஐ வாங்கினால்தான் கட்டியது கட்டுபடியாகும். 16 வயது ஏசி அதற்குள் போய்விடும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்த வெயிலில் 12 முதல் 15 வருடம்தான் அதன் ஆயுள். ஆகவே கணக்கு ஒரேயடியாக உங்களுக்கு எதிராக இல்லை. எனக்கு உறுத்துவது அந்த "முழு" என்ற இடம்தான். ஏசி சாகும்போது ஒரே அடியில் சாவது குறைவு. முதல் கோடையில் வாயு குறையும், அடுத்ததில் விசிறி மோட்டார் போகும், பிறகு கம்ப்ரசர் சத்தம் போடும். ஒவ்வொரு முறையும் அவர்கள் ஒட்டுப்போட்டு ஓடவைப்பார்கள், ஒவ்வொரு முறையும் நீங்கள் நூறு கொடுத்துக் காத்திருப்பீர்கள். மாற்றுவது என்ற முடிவு தள்ளித் தள்ளிப் போகும். அந்த முடிவு உங்கள் கையில் இல்லாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் சந்தா கட்டுகிறீர்கள்.

மறுப்பு என்று வந்தால் அவர்கள் அதிகம் பிடித்துக்கொள்வது இரண்டு காரணங்களை. ஒன்று, பழுது முன்னாலேயே இருந்தது என்பது. இரண்டு, பராமரிப்பு இல்லை என்பது. வீடு வாங்கும்போது நீங்கள் எடுத்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். டெக்சஸில் ஆய்வாளர்கள் நாங்கள் எல்லோரும் ரியல் எஸ்டேட் ஆணையத்தின் ஒரே படிவத்தில்தான் எழுதுகிறோம். ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே நாலு கட்டங்கள் இருக்கும். ஏசிக்கு எதிரே குறைபாடு என்ற கட்டத்தில் குறி இருந்தால் அது நிறுவனத்துக்குச் சாதகம். இல்லாமல், உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் வெப்ப வித்தியாசம் சரியாக இருந்தது என்று எழுதியிருந்தால் அது உங்கள் பக்கச் சாட்சி. வாரண்டி முடியும் நாள் வரை அதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

வாட்டர் ஹீட்டரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அதன் சீரியல் எண்ணிலேயே தயாரித்த வருடம் ஒளிந்திருக்கும். தொட்டி வகை 8 முதல் 12 வருடம் ஓடும். மாற்ற 1500 முதல் 2500 வரை ஆகும். 2009-லேயே வைத்ததாக இருந்து, அதுவும் அட்டிக்கில் இருந்தால், வாரண்டியை மறந்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள். அது கசிந்தால் ஹீட்டரின் விலையோடு போகாது, கீழே இருக்கும் சீலிங்கும் தரையும் சேர்ந்து போகும். அந்தச் சேதத்தை ஹோம் வாரண்டி ஏற்காது. ஃபிரிட்ஜ், அடுப்பு, வாஷிங் மெஷின் இவையெல்லாம் நீங்களே சமாளிக்கக் கூடிய தொகைகள். அவற்றுக்காகச் சந்தா கட்டத் தேவையில்லை.

யாருக்கு நான் வாங்கச் சொல்வேன்? வீடு விற்பவர் கட்டித் தந்தால் கண்டிப்பாக வாங்கிக்கொள்ளலாம். டெக்சஸ் விற்பனை ஒப்பந்தத்தின் 7ஆம் பத்தியில் அதற்கென்றே ஓர் உட்பிரிவு இருக்கிறது. எவ்வளவு வரை விற்பவர் திருப்பித் தருவார் என்று அதில் எழுதலாம். வாங்குவது விருப்பம், கட்டாயம் இல்லை, வேறு நிறுவனங்களிடமும் விசாரிக்கலாம் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. ரியல்டர் நீட்டும் ஒரே நிறுவனத்தைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு பயன் உண்டு. ராத்திரி வாடகைக்காரர் கூப்பிட்டால் போன் எடுக்க ஒரு இடம் இருக்கும். வண்டி ஓட்ட முடியாத, ஆளைத் தேடிப் பேரம் பேச முடியாத வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டிலும் எனக்கு மறுப்பு இல்லை. புதிதாகக் கட்டிய வீட்டுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பில்டரின் வாரண்டியும் சாதனங்களின் கம்பெனி வாரண்டியும் நடப்பில் இருக்கும்போது அதே பொருளுக்கு மூன்றாவதாக ஒருவருக்குப் பணம் கொடுப்பது வீண்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். அந்த 828 டாலரைத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் போடுங்கள். மாதம் 250 டாலர் அதில் சேர்க்க முடிந்தால், எட்டு மாதத்தில் அடுத்த கோடை தொடங்கும்போது இருக்கும் 6000-த்தோடு சேர்ந்து 8800 டாலர் இருக்கும். 12,000 டாலர் வேலைக்கு அப்போது குறைவது 3200 டாலர்தான், ஒப்பந்தத்தின் உச்சவரம்பை ஒட்டிய தொகை. அந்தத் தொகைக்கான கடனுக்கு, கூட்டுறவு வங்கி போன்ற ஒரு கிரெடிட் யூனியனில் இப்போதே விசாரித்து வையுங்கள். ஏசிக்காரர் நீட்டும் "18 மாதம் வட்டி இல்லை" என்ற கடனில் கவனம் தேவை. சில திட்டங்களில் கடைசித் தவணைக்குள் முழுப் பணமும் கட்டாவிட்டால், முதல் நாளிலிருந்து வட்டி போட்டுவிடுவார்கள்.

அடுத்தது ஆள். நல்ல ஏசிக்காரரைத் தேடும் நேரம் ஏசி நின்ற நாள் இல்லை. வரும் அக்டோபர், நவம்பரில் அவர்களுக்கு வேலை குறைவு. அப்போது ஒருவரை அழைத்து முழுச் சர்வீஸ் செய்யுங்கள். வாயு அளவு, கம்ப்ரசர் இழுக்கும் ஆம்பியர், கெபாசிட்டர் நிலை எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். தெருவில் நாலு வீட்டில் கேட்டு, அவர்கள் வருடக்கணக்கில் கூப்பிடும் ஆளாகப் பாருங்கள். அவருடைய உரிம எண்ணை டிடிஎல்ஆர் தளத்தில் சரிபார்க்கலாம். அதே பருவத்தில் மூன்று பேரிடம் புது ஏசிக்கு எழுத்தில் விலை வாங்கி வையுங்கள். மின்கம்பிகளைப் பராமரிக்கும் ஆன்கார் நிறுவனத்தின் சேமிப்புத் திட்டத்தில் தள்ளுபடி கிடைக்குமா என்றும் விலை தரும் அந்த மூன்று பேரிடமே கேளுங்கள். ஜூலையில் வியர்த்துக்கொண்டு கையெழுத்துப் போடும் விலையைவிட நவம்பரில் நிதானமாகப் பேசும் விலை நன்றாகவே இருக்கும்.

எப்போது பழுது பார்ப்பது, எப்போது மாற்றுவது என்பதற்கு உங்கள் ஏசி வரை ஒரு கோடு போட்டுத் தருகிறேன். கெபாசிட்டர், கான்டாக்டர் என்ற மின் சுவிட்ச், வடிகுழாய் அடைப்பு போன்ற சில நூறு டாலர் வேலையா, செய்துகொள்ளுங்கள். விசிறி மோட்டார் வரைகூடச் சரி. காயிலில் ஓட்டை, வாயு நிரப்ப வேண்டும், கம்ப்ரசர் போய்விட்டது என்று சொன்னால், ஒரு டாலரும் அதில் போடாமல் முழு ஏசியையும் மாற்றுங்கள். மாற்றியதும் கம்பெனி தளத்தில் பதிவு செய்ய மறக்காதீர்கள். பல கம்பெனிகள் 60 அல்லது 90 நாளுக்குள் பதிவு செய்தால்தான் பாகங்களுக்கு 10 வருட வாரண்டி தரும். இல்லாவிட்டால் 5 வருடம்தான்.

மாமா வீட்டில் இருக்கும்போது அவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுக்கலாம். அட்டிக்கில் ஏசி இருக்கும் வீடுகளில், ஒரு ஜன்னலுக்கு மேலே சுவரிலிருந்து சின்னக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் முதன்மை வடிகுழாய் அடைத்துவிட்டது, அட்டிக்கில் தட்டு நிரம்புகிறது என்று அர்த்தம். உடனே ஏசியை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அவ்வப்போது வடிகுழாயில் கொஞ்சம் வினிகர் ஊற்றினால் பாசி பிடிக்காது. ஃபில்டரை மாதம் ஒருமுறை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றச் சொல்லுங்கள். குழந்தைக்காக ஒரு அறைக்குப் போதுமான ஒரு சின்ன ஜன்னல் ஏசியையோ போர்ட்டபிள் ஏசியையோ குளிர்காலத் தள்ளுபடியில் வாங்கி கராஜில் வையுங்கள். இன்னொரு முறை நாலு நாள் காத்திருக்க நேர்ந்தாலும், குழந்தை தூங்கும் அறையாவது குளிர்ந்திருக்கும்.

இதையெல்லாம் படித்த பிறகும் இந்த ஒரு வருடத்துக்கு வாரண்டி வேண்டும் என்று வீட்டில் முடிவானால், அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். விட்டுவிட்டுப் பிறகு சேர்ந்தால் பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும், பழைய பழுது என்ற கேள்வியும் புதிதாகக் கிளம்பும். தொடர்ந்து புதுப்பித்தால் இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் அதே விலைக்குப் புதுப்பிக்காதீர்கள். போன் போட்டு நிறுத்தப்போவதாகச் சொன்னால் பெரும்பாலும் விலையைக் குறைப்பார்கள். அத்தோடு ஏசி உச்சவரம்பை உயர்த்தும் திட்டம் இருக்கிறதா, ஆர்-22 ஏசியை மாற்றும்போது பொருத்தும் செலவு சேருமா என்ற இரண்டு கேள்விகளையும் மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் வாங்குங்கள். போனில் பேசுகிறவர் தரும் வாக்குக்கு மதிப்பில்லை. ஒப்பந்தத்தில் இருப்பதுதான் செல்லும். வாரண்டி முடிவதற்குள் எதையாவது மறுத்தால், எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ரிப்போர்ட்டையும் சர்வீஸ் ரசீதையும் வைத்து மேல்முறையீடு செய்யலாம், டிடிஎல்ஆரில் புகார் கொடுக்கலாம். 20,000 டாலர் வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமலே, சின்ன வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் போடலாம்.

வீடு வாங்கிய பத்திரம் பொதுப் பதிவு என்பதால், "உங்கள் ஹோம் வாரண்டி காலாவதியாகிறது, கடைசி அறிவிப்பு" என்று உங்கள் கடன் வங்கியின் பெயரையும் போட்டுக் கடிதங்கள் வரும். பார்க்க அரசாங்கக் கடிதம்போலவே இருக்கும். அவை விளம்பரங்கள், அந்த எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள். உங்கள் நிறுவனத்தின் எண் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. உங்கள் ஒப்பந்தத்தில் தானாகப் புதுப்பிக்கும் பிரிவு இருக்கிறது, கிரெடிட் கார்டு எண்ணும் அவர்களிடம் இருக்கிறது. முடியும் தேதிக்கு முன்பாகவே புதுப்பிக்கவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பி, பதில் வந்ததா என்று பாருங்கள். அடுத்த மாத கார்டு ஸ்டேட்மென்ட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். வாட்டர் ஹீட்டரின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பினால், அதன் வயதை நான் பார்த்துச் சொல்கிறேன்.